எண்ணெய் தடவினாயா என்று நீ கேட்ட நாள்

அன்புள்ள அமுதாவுக்கு,

திங்கட்கிழமை நீ போன் செய்து, "அம்மா, வெள்ளிக்கிழமை எங்க பயிற்சி மையம் தெறக்குறோம். குத்துவிளக்கு நீதான் ஏத்தணும். பெரிய டாக்டருங்க எல்லாம் இருப்பாங்க, ஆனா மொத திரி நீதான்" என்றாய். நானும் பெருமை தாங்காமல் சரிடி என்று சொல்லிவிட்டேன். பிறகு நீயே சொன்னாய், முதல் வகுப்பில் வழக்கம்போல இனியாவின் கதையைத்தான் சொல்லப் போகிறேன், சொல்லி முடித்ததும் உன்னைக் கை காட்டுவேன் என்று. போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நேற்றும் இன்றும் யோசித்துப் பார்த்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கதையில் ஒரு இடம் பொய், அமுதா. அந்தப் பொய்யை உனக்குச் சொன்னவள் நான். ஒன்பது வயதாகும் உன் மகள் இனியா இன்று வரை தண்ணீரில் இறங்காமல் கரையில் உட்கார்ந்திருப்பதும் அதனால்தான்.

நேரில் சொல்லலாம் என்று நினைத்தால், உன் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு எதையாவது பேசிவிடும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள் என்றாலும் தினமும் பேப்பர் படிக்கிற பழக்கத்தால் எழுத்து மறக்கவில்லை. காகிதத்துக்கு முகம் கிடையாது, அதனால் நிறுத்தாமல் எழுத முடிகிறது. இதை நீ படித்த பிறகு உன்னிடம் பாடம் கேட்க வருகிற அந்தச் சின்ன டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் படித்துக் காட்டு. அவர்களும் கேட்க வேண்டும் என்றுதான் ஒட்டாத உறையில் போட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் என் பெருமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. பாரிவாக்கத்தில் நம் தெருவில் காலேஜ் வாசல் மிதித்த முதல் பெண் நீ. கவர்ன்மெண்ட் ஸ்கூலில் தமிழில் படித்துவிட்டு டாக்டர் படிப்புக்குப் போனபோது, முதல் வருஷம் புத்தகத்தில் ஒரு பக்கம் புரிய ஒரு பகல் ஆகிறது என்று அழுதாய். அம்பத்தூரில் ஏறும் எலக்ட்ரிக் டிரெயினில் நின்றுகொண்டே படித்தாய். பிறகு குழந்தை வைத்தியம் படித்தாய். அதிலும் சளி காய்ச்சல் பார்த்து வீட்டுக்கு அனுப்புகிற இடம் வேண்டாம், மூச்சு நின்று தூக்கி வருகிற குழந்தைகளைப் பார்க்கிற அவசரப் பிரிவுதான் வேண்டும் என்று போய் நின்றாய். "ஏன்டி, வர்றதெல்லாம் உசுரு போற கேசா இருக்குமே, உனுக்கு மனசு தாங்குமா?" என்று கேட்டேன். "தாங்காதும்மா. ஆனா அந்த பத்து நிமிஷத்துல என்ன பண்ணணும்னு தெரிஞ்சவங்க நம்ம பக்கத்துல கம்மி" என்றாய். அந்தப் பத்து நிமிஷத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையும் உன்னிடம் வந்து சேர்ந்தது.

எனக்கு என்ன ஆயிற்று என்றால், நீ படித்தது என் தலைக்கு ஏறிவிட்டது. தெருவில் யார் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நம் வாசலுக்கு வருவார்கள். "டாக்டரம்மாவப் பெத்தவ இங்க கீறா, நமக்கு இன்னா பயம்" என்பார்கள். நானும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், நாக்கை நீட்டச் சொல்வேன், அதைக் கொடு, இதைத் தடவு என்று சொல்லி அனுப்புவேன். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் லேத் வேலை முடித்துக் களைத்து வரும் உன் நைனா அதைப் பார்த்துவிட்டு, "உனுக்கு ஒரு போர்டு எழுதி மாட்டிடட்டா? பாதி டாக்டர்னு" என்பார். நான் சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் நான் பாதி டாக்டர்தான் என்று நினைத்துக்கொண்டுதான் சிரித்தேன்.

நினைத்துக்கொள்ள ஒரு காரணமும் இருந்தது. நீ பாடம் எடுக்கப் போகும் முன்னால் என்னிடம்தான் சொல்லிப் பார்ப்பாய். அம்மாவுக்குப் புரிந்தால் அங்கன்வாடி டீச்சருக்கும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கும் புரியும் என்பாய். ஒருநாள் ஒரு நீளமான பையைத் திறந்து ரப்பர் குழந்தை ஒன்றை எடுத்து உன் அம்பத்தூர் வீட்டு ஹாலில் படுக்கவைத்தாய். "இன்னாடி இது, இப்படி முழிச்சினு கீது" என்று நான் பின்னால் நகர்ந்தேன். நீ இரண்டு கட்டை விரலையும் அதன் நெஞ்சில் வைத்து அமுக்கி எண்ணிக் காட்டி, என்னையும் அமுக்கச் சொன்னாய். நான் மெதுவாக அமுக்கினேன்.

"இன்னும் ஆழமாம்மா."

"கொழந்தையாச்சேடி, நோவாது?"

"நோவட்டும். மூச்சு வந்தா போதும்."

கைகால் இழுப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அந்தப் பொம்மையை வைத்துத்தான் சொன்னாய். கையில் சாவிக்கொத்து கொடுக்கக் கூடாது, வாயில் ஸ்பூன் நுழைக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் இழுத்தது என்று டாக்டர் கேட்பார், அதைச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் நான் உன்னைவிட வேகமாகத் திருப்பிச் சொன்னேன். நீ கை தட்டினாய்.

இனியாவுக்கு அப்போது ஏழு மாதம். நீ வேலைக்குத் திரும்பிப் போயிருந்தாய், நான் பாரிவாக்கத்து வீட்டை நைனாவிடம் விட்டுவிட்டு உன்னோடு அம்பத்தூரில் தங்கியிருந்தேன். மழைக்காலம். குழந்தைக்கு இரண்டு நாளாக மூக்கடைப்பு, பால் குடிக்க முடியாமல் வாயை வைப்பதும் எடுப்பதுமாக அழுதாள். காலையில் கிளம்பும்போது நீ என் கையில் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்து, "இந்த உப்புத் தண்ணிய மட்டும் மூக்குல ரெண்டு சொட்டு விடும்மா. வேற எதுவும் வேணாம், தைலம் கியிலம் எதுவும் வேணாம்" என்றாய். நான் தலையை ஆட்டினேன். நீ படி இறங்கிப் போனதும் உப்புத் தண்ணீர் விட்டேன். குழந்தை தும்மினாள், அழுதாள், பால் மட்டும் குடிக்கவில்லை. உப்புத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. உன்னை வளர்த்தவள் நான், எத்தனை பிள்ளைகளுக்குச் சளி எடுத்திருக்கிறேன், இவள் நேற்றுப் படித்துவிட்டு எனக்குச் சொல்கிறாள் என்றும் தோன்றியது. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

இரும்புக் கரண்டியில் தேங்காய் எண்ணெய் ஊற்றிச் சூடாக்கினேன். சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த டப்பாவிலிருந்து சூடம் எடுத்தேன். எல்லாரும் ஒரு வில்லை போடுவார்கள். சீக்கிரம் கேட்கட்டும் என்று நான் மூன்று போட்டேன். ஆறவைத்து நெஞ்சிலும் முதுகிலும் உள்ளங்காலிலும் தேய்த்தேன். மூக்கைச் சுற்றித் தடவினேன். கோழை மேலே வரட்டும் என்று விரலில் தொட்டு நாக்கிலும் வைத்தேன், இரண்டு தடவை. குழந்தை முகத்தைச் சுளித்தாள். துணியைப் போட்டு இறுக்கிச் சுற்றித் தூளியில் விட்டேன். தூங்கினாள். பார்த்தாயா என்று உன்னிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அரை மணி நேரம்கூட இருக்காது. வாந்தி எடுத்துக்கொண்டு எழுந்தாள். துணியெல்லாம் பாழாகிவிட்டது. வெந்நீரில் துணி நனைத்து மேலெல்லாம் துடைத்து, வேறு சட்டை போட்டேன். பொத்தான் போடும்போது கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. உதடு நீலம் பாய்ந்தது. என் கை ஒருபக்கம் சாவியைத் தேடிப் போனது, அமுதா. அதற்குள் உன் பொம்மை ஞாபகத்துக்கு வந்தது. கீழே பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். வாயில் எதையும் வைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிஷம். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்துத் தெருமுனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஊசி போட்டு, ஆம்புலன்சில் ஏற்றி உன்னிடமே அனுப்பினார்கள். வழியில் இன்னொரு தடவை இழுத்தது.

நீ உள்ளே வேறு குழந்தையிடம் இருந்தாய். கண்ணாடி போட்ட சின்னப் பெண் ஒருத்தி இனியாவை வாங்கிக்கொண்டாள். வேலை செய்துகொண்டே என்னிடம் கேட்டாள்.

"பாட்டி, குழந்தைக்கு ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"சளி மருந்து, இருமல் மருந்து, யாராவது சொல்லி வாங்கினது?"

"ஒண்ணும் குடுக்கல."

அவள் எழுதிக்கொண்டாள். அந்த 'இல்லை' பொய் கிடையாது. இதை உன் மாணவர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்து என்றால் எனக்குக் கடையில் வாங்குவது. பாட்டிலில் இருக்கும், மாத்திரையாக இருக்கும், ஊசியாக இருக்கும். சூடம் சாமிக்கு ஏற்றுவது. தேங்காய் எண்ணெய் தலைக்கு வைப்பது. இரண்டையும் சேர்த்தால் மருந்துக் கணக்கில் வரும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. அவள் கேட்ட கேள்விக்கு நான் மனசாட்சிப்படிதான் பதில் சொன்னேன். அவள் கேட்டதும் சரி, நான் சொன்னதும் சரி. நடுவில் இருந்த அந்த ஒரு சொல்தான் எங்கள் இருவரையும் ஏமாற்றிவிட்டது. நான் முன்னாலேயே துடைத்துவிட்டதாலும், வாந்தி வாடையும் ஆஸ்பத்திரி வாடையும் சேர்ந்துகொண்டதாலும், குழந்தையின் மேல் சூடம் மணக்கவும் இல்லை.

நீ ஓடி வந்தாய். குழந்தை கண் திறந்து அழுத பிறகுதான் நீ ஒரு இடத்தில் நின்றாய். நான்கு நிமிஷம் என்று நான் சொன்னதையும், ஒருக்களித்துப் படுக்கவைத்ததையும் அந்தச் சின்னப் பெண் உன்னிடம் சொன்னாள். நீ அங்கே நின்ற அத்தனை பேரையும் கூப்பிட்டு, "பாருங்க, எங்கம்மா அஞ்சாவதுதான். என்ன பண்ணணுமோ அதக் கரெக்டா பண்ணாங்க. வாயில எதையும் வெக்கல, டைம் பாத்தாங்க. நீங்க ஊர் ஊரா போய் சொல்லிக்குடுத்தா ஒவ்வொரு ஊட்லயும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க" என்றாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பையன் கும்பிட்டான். அன்று முதல் அந்தக் கதையை நீ சொல்லாத வகுப்பு இல்லை.

மறுநாள்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. இனியாவின் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் ஐந்து மாதக் குழந்தையோடு ஒருத்தி வந்தாள். நசரத்பேட்டையில் கட்டட வேலை செய்கிறவள், இருபது வயது இருந்தால் அதிகம். அந்தக் குழந்தைக்கும் இழுப்பு. நீ போய் அதன் நெஞ்சில் மூக்கை வைத்து முகர்ந்தாய்.

"இன்னா தடவின?"

"சூடத்த எண்ணெயில போட்டு தேச்சேன்கா. எங்கம்மாதான் சொல்லிச்சு."

"அறிவு கீதா உனுக்கு? சின்னக் கொழந்தைக்கு அது வெசம். அதனாலதான் இழுத்துகிது. இன்னும் ரெண்டு கை தேச்சிருந்தா இங்க வந்திருக்க மாட்ட, வேற எடத்துக்குத் தூக்கினு போயிருப்ப. எங்க உங்கம்மா? கூப்டு. அவங்களையும் நான் கேக்கணும்."

கோபம் வந்தால் உனக்குப் படித்த பேச்சு போய்விடும், நம் தெருப் பேச்சுதான் வரும். அந்தப் பெண் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள், உள்ளே வரவில்லை. நான் இனியாவை மடியில் வைத்துக்கொண்டு கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். விஷம் என்று நீ சொன்ன சொல் அந்தப் பெண்ணைத் தாண்டி என்னிடம் வந்து நின்றது.

நீ முட்டாள் இல்லை. அன்று மத்தியானமே வந்தாய். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் என்னைத் தனியாகக் கூட்டிப் போனாய்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காத. இனியாவுக்கு நீ அந்த மாதிரி எண்ணெய் ஏதாச்சும் தடவினியா?"

"நான் எதுக்குடி தடவறேன்? நீதான் வேணாம்னு சொல்லிட்டுப் போனியே."

"அதான பாத்தேன். நீ பண்ண மாட்ட."

என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் என்ன, அம்மா சொல்லியாயிற்று.

முதல் நாள் சொன்ன இல்லைக்கு நான் பொறுப்பில்லை. குழாயடியில் சொன்ன இல்லைக்கு நான்தான் பொறுப்பு. அதற்கு என்ன காரணம் என்று பல வருஷம் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணைத் திட்டினது போல என்னையும் திட்டுவாய் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரியது, முதல் நாள் நீ எல்லார் முன்னாலும் என்னைத் தூக்கி வைத்த உயரம். அங்கேயிருந்து இறங்க எனக்கு மனசு வரவில்லை. திட்டு மட்டும் என்றால் ஒருவேளை வாங்கிக்கொண்டிருப்பேன்.

நான் வாய் திறக்காததால் என்னென்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் எதனால் நடந்தது என்று தெரியாது. குழந்தையின் முதுகில் ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, நீ பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாய். மயக்க மருந்து கொடுத்துப் பெரிய மெஷினுக்குள் அனுப்பினார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வந்தது. காரணம் தெரியாத வலிப்பு என்று முடிவு செய்து, காலையும் மாலையும் ஒரு சிரப். இரண்டு வருஷம். அதை அளந்து ஊற்றியது யார் தெரியுமா, நான்தான். சிரப் குடித்தால் குழந்தை சோர்ந்து தூங்குவாள், மற்ற பிள்ளைகள் ஓடும் வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு தடவையும் தேவையில்லாத மருந்து என்று தெரிந்தே வாயில் ஊற்றினேன். ஊற்றாமல் விட்டால் நீ ஏன் என்று கேட்பாயே.

அந்த வருஷம்தான் உனக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருந்தது. அவசர வைத்தியத்தை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கற்றுக்கொள்ளும் படிப்பு. மாப்பிள்ளையும் போய் வா என்றுதான் சொன்னார். "வலிப்பு வர்ற கொழந்தைய உட்டுட்டு நான் எங்க போறது?" என்று அந்தக் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தாய். அப்போது நான் அடுப்பங்கரையில் நின்றிருந்தேன். நான்கு எட்டு வைத்து வெளியே வந்திருந்தால் உன் பயணம் நடந்திருக்கும். வரவில்லை. நீ இங்கேயே இருந்து, அவரிடம் இவரிடம் கேட்டு, ராத்திரி பகல் புத்தகம் பார்த்து, நீயே பாடம் எழுதி, இன்று ஒரு மையத்துக்கே தலைவியாகி நிற்கிறாய். மேலே வந்துவிட்டாய் என்பதால் நான் செய்தது சின்னதாகிவிடாது. ஏணியை எடுத்துவிட்டு, பாரேன் சுவரைப் பிடித்தே ஏறிவிட்டாள் என்று சந்தோஷப்பட எனக்கு உரிமை இல்லை.

இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை இனியா இங்கே வந்திருந்தாளே, அன்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் நீட்டினாள். ஸ்கூலில் நீச்சல் கற்றுத் தருவதற்குச் சம்மதக் கடிதம்.

"ஆயா, நீ கையெழுத்து போடு. கார்டியன்னு போட்டிருக்கு பாரு, நீயும் கார்டியன்தான்."

"உங்கம்மா இன்னா சொன்னா?"

"வேணாமாம். எனக்கு இழுப்பு வருமாம், தண்ணிக்குள்ள வந்தா யாருக்கும் தெரியாதாம்."

"எப்பவோ கொழந்தையில வந்ததுதானே கண்ணு."

"அதான் ஆயா நானும் சொன்னேன். ஏன் வந்துச்சுன்னு தெரியாதாம், அதனால திரும்ப வராதுன்னும் சொல்ல முடியாதாம். அம்மாக்கே தெரிலன்னா வேற யாருக்கு ஆயா தெரியும்?"

நான் கையெழுத்துப் போடவில்லை. உன்னைக் கேட்காமல் போடுவது தப்பு என்று அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது அவர்களுடைய துண்டையும் செருப்பையும் பார்த்துக்கொள்ளும் வேலையை மிஸ் தனக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். அதை ஒரு பதவி போலச் சொன்னாள். வேறு பிள்ளையின் தாய் வந்து கேட்டால் நீயே தாராளமாகப் போகலாம் என்று சொல்லி அனுப்பியிருப்பாய். சொந்தப் பிள்ளை என்பதால் உனக்குக் கை வரவில்லை. காரணம் தெரியாது என்ற அந்தப் பயம் எட்டு வருஷத்துக்கு மேலாக உன் வீட்டில் ஒரு ஆள் போலக் கூடவே இருக்கிறது. அதை உள்ளே விட்டவள் நான்.

உனக்குப் பாடம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டவள் எந்த இடத்தில் மூடிக்கொண்டாள் என்று சொல்ல என்னைவிட்டால் ஆள் கிடையாது. நீ ஆறாவது படிக்கும்போது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஒரு கால் கொலுசைத் தொலைத்துவிட்டு வந்தாய். நான் விசிறிக் கட்டையால் அடித்தேன். அடுத்த மாதம் உன் காலில் ஆணி ஏறியது. மூன்று நாள் என்னிடம் சொல்லாமல் நொண்டாமல் நடந்து காட்டினாய். கால் வீங்கி, காய்ச்சலில் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அடிப்பியே" என்றாய். அன்று எனக்குப் புரிந்தது போல இருந்தது, பிறகு மறந்துவிட்டேன். உன் ஆஸ்பத்திரியில் நான் வாயை மூடிக்கொண்டபோது நீ பெரியவளாகவும் நான் சின்னவளாகவும் ஆகியிருந்தோம்.

அதனால் உன் மாணவர்களிடம் சொல். மருந்து கொடுத்தீர்களா என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டாம். எண்ணெய் தடவினீர்களா, சூடம் போட்டீர்களா, வசம்பு உரசினீர்களா, நாக்கில் எதையாவது வைத்தீர்களா, புகை போட்டீர்களா என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேட்க வேண்டும். பாட்டி இருந்தால் பாட்டியைத் தனியாகக் கேட்க வேண்டும், மகளோ மருமகளோ பக்கத்தில் இருக்கக் கூடாது. கேட்கும்போது, எங்கள் வீட்டிலும் தடவுவார்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் எதிரில் இருப்பவளுக்கு மூச்சு வரும். திட்ட வேண்டுமானால் குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போகும் நாளில் வாசலில் வைத்துத் திட்டட்டும். பக்கத்துக் கட்டிலில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாது. அந்தக் கட்டட வேலைக்காரப் பெண் உண்மையைச் சொன்னாள், அவளுடைய குழந்தை முதுகில் ஊசி வாங்காமல், சிரப் குடிக்காமல் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனது. திட்டு வாங்கியவள் அவள். பாராட்டு வாங்கியவள் நான்.

இனி உன் கணக்குக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள். ஏழு மாதக் குழந்தை. சூடம் மூன்று வில்லை, சின்னது இல்லை, பெரியது. எண்ணெய் அரைக் கரண்டி. நெஞ்சு, முதுகு, உள்ளங்கால், மூக்கைச் சுற்றி. நாக்கில் இரண்டு தடவை. துணி சுற்றித் தூளியில் விட்டேன். அரை மணிக்குள் வாந்தி, உடனே இழுப்பு. அதற்கு முன் காய்ச்சல் இல்லை. அன்றைக்குப் பிறகு இன்று வரை ஒரு தடவைகூட வரவில்லை. நீ இதை உன் பெரிய டாக்டர்களிடம் காட்டிக் கேள். இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமானால் வந்து கேள், ஒன்றுக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நான் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அம்மா என்பதற்காகக் கொடுப்பாய், அது எனக்குச் சுலபமாகிவிடும். நாளைக்கு இனியாவுக்கு ஒரு தம்பியோ தங்கையோ பிறந்து, அந்தக் குழந்தையை என்னிடம் தனியாக விட மாட்டேன் என்று நீ சொன்னாலும் அது நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கார் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாய். நான் குளித்துப் புடவை கட்டி உட்கார்ந்திருப்பேன். கார் வந்தால் வருகிறேன், ஆனால் இந்தக் கடிதத்தை அங்கே படித்த பிறகுதான் திரியைத் தொடுவேன். கார் வராவிட்டால் புடவையை மாற்றிக்கொண்டு என் வேலையைப் பார்க்கிறேன், உன்மேல் வருத்தம் இல்லை. எது எப்படி ஆனாலும், உன் டாக்டர்கள் சரி என்று சொன்ன அன்றைக்கே அந்தத் தாளில் நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. இத்தனை நாள் கூடாது என்றது இப்போது எப்படிக் கூடும் என்று குழந்தை உன்னை நச்சரிப்பாள். ஆயாவுக்குத் தெரியும், ஆயாவையே போய்க் கேள் என்று அனுப்பு. நானே அவளிடம் சொல்கிறேன்.

உன் அம்மா